ஆரணியின் தொழில்திறன்: வேலை தருவோர் அறிய வேண்டியது
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கற்பக மரங்கள் வேண்டியதை வழங்கும் ஆற்றல் குன்றிய காலத்தில், என்ன செய்வதென்று அறியாத மக்கள் நாபி மன்னரிடம் சென்று முறையிட்டனர் என்றும், அவர் அம்மக்களைத் தம் மைந்தர் விருஷபதேவரிடம் அனுப்பினார் என்றும் ஸ்ரீபுராணம் கூறும். பசித்து வந்தவர்களுக்கு ஆதிபகவன் அருளியது தொழில். வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் ஆறினையும் அவரே முதன்முதலில் கற்பித்தார் என்பது ஜைன மரபு. இவற்றுள் சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கல்லில் உருவம் செதுக்குதலை மட்டும் நினைப்பது இக்கால வழக்கு. கையால் இயற்றும் தொழில்கள் பலவும் அச்சொல்லுள் அடங்கும். குயவரின் சக்கரமும் நெசவாளரின் தறியும் அதற்குள் வருவனவே.

ஆரணி இந்த ஆறனுள் மூன்றினால் வாழ்ந்த ஊர். கமண்டல நாகநதியின் கரையில் நெல் விளைந்தது. அந்நெல்லை அரிசியாக்கி விற்ற வாணிகம் ஊருக்குப் பெயர் தந்தது. தெருக்கள்தோறும் பட்டுத் தறி ஒலித்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60,000 பேருக்கு மேல் வாழும் இந்நகரத்தைப் பெருநகரம் என்று எவரும் சொல்லார். ரயில் நகருக்குள் வருவதில்லை. ஆரணி சாலை என்ற பெயருடைய நிலையம் காட்பாடி – விழுப்புரம் பாதையில் வெளியே நிற்கிறது. திண்டிவனம் – நகரி இருப்புப்பாதைக்கு ஒப்புதல் கிடைத்து ஆண்டுகள் பல சென்றும் அவ்வழியே வண்டி ஓடவில்லை.

வண்டி ஓடாவிட்டாலும் மனிதர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விடியுமுன் ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டங்களின் சிற்றூர்களிலிருந்து ஆலைப் பேருந்துகளும் வேன்களும் புறப்படுகின்றன. சில செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளுக்குச் செல்வன. சில ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கம் செல்வன. அவற்றில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். உழவர் வீட்டு மகளும் தறிக்காரர் வீட்டு மகளும் ஒரே இருக்கையில் உறங்கியபடி போகிறார்கள். இது பழிக்கத்தக்கதன்று. மாதம் தவறாமல் வரும் ஊதியம் பல வீடுகளில் அடுப்பை எரிக்கிறது. பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கைத் தொடங்கி வைத்ததும் அதுதான். ஆனால் அப்பெண் ஆலை வாயிலில் எந்தச் சொல்லால் அறியப்படுகிறாள் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. திறனற்ற தொழிலாளர் என்ற சொல்லால்தான் பெரும்பாலும் அறியப்படுகிறாள்.

பிழை எங்கே நேர்ந்தது? தொழில் தொடங்க வருவோர்க்குச் சிற்றூர்களும் சிறு நகரங்களும் தம்மை அறிமுகம் செய்யும் முறையைக் கவனித்தால் விடை தெரியும். நிலம் இவ்வளவு, நெடுஞ்சாலை இவ்வளவு தொலைவு, மின்சாரம் உண்டு, வரிச்சலுகை உண்டு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: குறைந்த கூலிக்கு ஆட்கள் ஏராளமாகக் கிடைப்பர். நிலத்துக்குச் சர்வே எண் இருக்கிறது. மனிதர்க்கு எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. கூலி குறைவு என்பதற்காகவே வந்த நிறுவனம், அதனினும் குறைந்த இடம் கண்டவுடன் பெயர்ந்து போகும். அதன்மீது குறை சொல்ல வழியில்லை. எதைச் சொல்லி அழைத்தார்களோ அதை நம்பித்தானே அது வந்தது!

ஆட்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட அந்த வரிக்குள் அடங்கியிருப்பவற்றைச் சற்றே விரித்துப் பார்க்கலாம்.

பட்டுச் சேலைக்குரிய பாவு 48 அங்குல அகலம் என்றும், அங்குலத்துக்கு 100 இழை என்றும் கொண்டால், 4,800 இழைகள் ஆகின்றன. தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையின் முனையோடு புதிய இழையின் முனையைச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். இதனைப் பாவு பிணைத்தல் என்பர். 4,800 முறை அது நிகழ வேண்டும். ஓர் இழை வரிசை மாறினால் சேலை முழுவதும் அந்தப் பிழை கோடாக ஓடும். பிழையைக் கண்டபின் திரும்பிச் சென்று திருத்துவது எளிதன்று. மயிரினும் மெல்லிய இழையைக் கண்ணால் பிரித்து, விரலால் உணர்ந்து, மணிக்கணக்கில் மனம் சிதறாமல் இதைச் செய்யும் ஒருவரை வேறு எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று வேலை தருவோர் தாமே எண்ணிப் பார்க்கட்டும். கார்களுக்குள் ஓடும் மின்கம்பிக் கற்றைகளை நிறம் பார்த்து, வரிசை பார்த்துக் கட்டும் வேலை ஒரகடத்தில் நடக்கிறது. மின்னணுக் கருவிகளில் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் வேலை திருப்பெரும்புதூரில் நடக்கிறது. இந்த வேலைகளுக்கு வேண்டிய கையும் கண்ணும் ஆரணித் தெருக்களில் ஏற்கெனவே பயின்று முடிந்திருக்கின்றன.

அடுத்தது ஜக்கார்டுப் பெட்டி. பிரான்சு நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இக்கருவியில், துளையிட்ட அட்டைகள் எந்த இழை எழ வேண்டும், எது படிந்திருக்க வேண்டும் என்று கட்டளை இடுகின்றன. துளை இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் மறு விடை. சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு இந்த அட்டைகளையே முன்மாதிரியாகக் கொண்டார் என்பது கணினி வரலாறு படிப்போர் அறிந்த செய்தி. மாங்காய்ப் புட்டாவைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணி, அட்டையில் துளையாக மாற்றிய கைகள் ஆரணியில் உண்டு. இன்று அவர்தம் பிள்ளைகள் அதே வேலையைக் கணினித் திரையில் செய்கிறார்கள். தந்தை பத்தாம் வகுப்புத் தாண்டாதவராக இருக்கலாம். அவர் செய்தது தர்க்கமும் கணக்கும் கலந்த வேலை என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை என்பதால் அது இல்லாமற் போய்விடாது.

நெல்லைப் பற்றியும் கூற வேண்டும். சபையில் இருப்போருள் உழவர் குடியினர் பலராதலின் அதிகம் விளக்கத் தேவையில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அரவைக்கு அனுப்பும்போது ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு 14 பங்கில் நிற்க வேண்டும். மிகுந்தால் அரிசி நசுங்கும். குறைந்தால் நொய்யாக உடையும். ஈரம் அளக்கும் கருவி இன்று எல்லா ஆலைகளிலும் வாங்கக்கூடியதே. ஆயினும் களத்தில் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்து, இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று சொல்பவரின் சொல்லுக்காக மோட்டார் காத்திருப்பதை ஆரணி, களம்பூர் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். உணவு பதப்படுத்தும் தொழில் எதற்கும் இத்தகையோர் முதலீடு போன்றவர்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய திறன் ஒன்று இருக்கிறது. அதைத் திறன் என்று எண்ணுவோர் குறைவு. முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கம் நெசவாளர் கையில் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறது. ஜரிகை என்பது வெள்ளியும் பொன்முலாமும் சேர்ந்த பொருள். நெசவாளரின் மாதக் கூலியை விடப் பன்மடங்கு விலையுள்ள அப்பொருள் பூட்டில்லாத தறிவீட்டில், குழந்தைகள் ஓடியாடும் இடத்தில், வாரக்கணக்கில் இருக்கிறது. சேலை முடிந்ததும் எடை போட்டுத் திரும்புகிறது. கழிவு நூலும் கணக்கில் வருகிறது. மேற்பார்வையாளர் இல்லை, கண்காணிப்புக் கருவி இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் பொருளை எடை குறையாமல் திருப்பிக் கொடுத்த குடும்பங்கள் இவை. அசௌரிய விரதத்தைப் பற்றிப் பேசும் இந்த மேடையில் இதைச் சொல்லாமல் விடலாகாது. வேலை தருவோருக்கு எழுதும் அறிமுக ஏட்டில் இதற்கு முதற்பக்கம் தரத்தகும்.

இங்கே சபையில் ஒரு தடை எழும். பட்டு, புழுவின் உயிரைப் போக்கி எடுக்கப்படுவது; கூட்டோடு கொதிநீரில் இடாமல் நீண்ட இழை கிடைக்காது. அகிம்சையை முதல் விரதமாகக் கொண்டோர் அத்தொழிலைப் புகழ்ந்து பேசலாமா? நியாயமான தடை. பட்டு உடுத்துவதில்லை என்று நோன்பு கொண்ட மூதாட்டிகள் பலர் ஜைன இல்லங்களில் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களது நோன்பு வணக்கத்துக்குரியது. ஆயினும் நெசவாளரின் கை பட்டோடு ஒட்டிப் பிறந்ததன்று. பருத்தியையும் அது நெய்யும். அந்துப்பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டையும் நெய்யும். குசும ராஜய்யா அம்முறையைப் பரப்பியவர் என்பதைப் பலர் அறிந்திருப்பர். அறுந்த கூட்டிலிருந்து நூற்ற நூல் ஒரே சீராக இராது; பளபளப்பும் குறையும். அத்தகைய நூலை அறுபடாமல் நெய்வதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஜைன வணிகர் எவரேனும் அத்தொழிலில் முதலீடு செய்ய எண்ணினால், கைகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஓசூரை எண்ணிப் பார்க்கலாம். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் அங்கே கடிகார ஆலை அமைத்தபோது, கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள் அப்பகுதியில் இருந்தார்களா? இல்லை. கிராமப்புறப் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, நுண்ணிய உறுப்புகளைக் கையாளச் செய்தார்கள். அந்த ஆலை நிலைத்தது, ஓசூரும் வளர்ந்தது. முன்னனுபவத்தைத் தேடாமல், கற்கும் தகுதியைத் தேடிய வேலை தருவோர் ஒருவர் இருந்தார் என்பது அதன் சிறப்பு. தெரிந்துவினையாடல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. செயலையும் செய்வானையும் ஆராய்ந்து பொருத்துவதே அதன் சாரம். அந்தப் பொருத்தத்தைக் கண்டறிய வேலை தருவோருக்கு உதவி வேண்டும். அந்த உதவியைச் செய்ய வேண்டியது ஊர்.

உதவி என்பதால் மிகைப்படுத்திப் பேசலாம் என்று பொருளாகாது. நன்னூல் தந்த பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு உவமையாகச் சொன்ன நான்கனுள் ஒன்று நிறைகோல். அது ஐயமின்றி அளவு காட்டும். ஒரு பக்கம் சாயாமல் நடுநிற்கும். ஊர் எழுதும் அறிமுக ஏடும் நிறைகோலாக இருத்தல் வேண்டும். குறைந்த அளவால் விற்பதும், நல்ல பொருளில் போலியைக் கலப்பதும் அசௌரிய விரதத்தின் அதிசாரங்கள் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. மனிதரின் திறனைக் கூட்டிச் சொல்வதும் அவ்வகைக் கலப்படமே.

ஆகவே குறைகளையும் எழுத வேண்டும். நெசவாளர் பலரிடம் சான்றிதழ் இல்லை. பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தில், முன்னரே கற்ற திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் பிரிவு இருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வழிகாட்டுவோர் வேண்டும். சொந்தத் தறியில், தம் விருப்பப்படி எழுந்து அமர்ந்து பழகியவர்களுக்கு ஆலைச் சங்கின் ஒழுங்கு முதலில் கசக்கும். திருமணம், கோயில் திருவிழா, அறுவடை ஆகிய நாட்களில் வருகை குறையும். குழித்தறியில் இருபது ஆண்டுகள் அமர்ந்தவருக்கு முதுகும் முழங்காலும் பழுதுபட்டிருக்கும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருக்கும். இவர்களைத் தொழிற்கூடத்தின் வரிசையில் நிறுத்துவது கொடுமை. தரம் பார்ப்பவராகவும் இளையோர்க்குப் பயிற்சி தருபவராகவும் அமர்த்தினால் அந்த அனுபவம் வீணாகாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று விதி வகுத்த நிறுவனங்கள் இழப்பது இத்தகையவர்களைத்தான்.

மற்றொரு குறை ஏட்டை எழுதுவோரிடமே இருக்கிறது. வீட்டில் தறிக்கு முன் அமர்ந்து நாடா எறிபவரை நெசவாளர் என்று எழுதுவார்கள். அவருக்குத் தார் சுற்றித் தருபவரை, பாவு பிணைப்பவரை, சில நாட்களில் தாமே தறியில் அமர்பவரை இல்லத்தரசி என்று எழுதிவிடுவார்கள். 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் நெசவாளருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்று கண்டது. அதே கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதும் தெரியவந்தது. இளைஞர்கள் தறியைவிட்டு வேன் ஏறுவது ஏன் என்று வியப்போர் இந்த எண்ணை ஒருமுறை படித்தால் போதும்.

இனி, வேலை தருவோரிடம் ஊர் கேட்க வேண்டியவை. அறிமுகம் என்பது இருவழி. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பது முறையாகுமா? அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் அதிபாராரோபணம் ஒன்று. தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல் என்பது அதன் பொருள். உணவையும் நீரையும் தடுத்தல் மற்றொன்று. அருங்கலச்செப்பைப் படிக்கும் இல்லங்களில் இவற்றை வண்டி மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் உரியவையாகவே விளக்கிவந்தார்கள். பத்து மணி நேர வேலையோடு போக்குவரத்துக்கு நான்கு மணி நேரம் இழக்கும் பெண்ணுக்கு அது பொருந்தாதா? கழிவறைக்குச் செல்ல நேரம் அளந்து கொடுப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகும் பெண்ணுக்குப் பொருந்தாதா? ஆரணியிலேயே சிறு பிரிவு ஒன்றைத் தொடங்க இயலுமா, குழந்தை காப்பகம் உண்டா, மூன்றாம் ஆண்டில் ஊதியம் எவ்வளவு உயரும், வரிசையில் நிற்பவர் மேற்பார்வையாளர் ஆக வழி உண்டா என்றெல்லாம் கேட்பதை நாகரிகக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. நல்ல நிறுவனம் இவற்றுக்கு விடை வைத்திருக்கும். சபையில் இருப்போருள் சிலர் தாமே வேலை தருவோர். வணிகத்துக்காகச் சென்னையிலும் வேலூரிலும் வாழ்ந்தாலும் பூண்டிப் பொன்னெழில்நாதரை வணங்க ஆண்டுதோறும் வருபவர்கள். இக்கேள்விகள் அவர்களுக்கும் உரியன.

அந்த ஏட்டை யார் தொகுப்பது? அரசு தொகுக்கட்டும் என்று காத்திருந்தால் மறுபடியும் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். அறக்கட்டளையின் மாணவர்கள் வரும் தசலட்சண விழாவுக்கு முன் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மாணவருக்கு ஐந்து வீடுகள் போதும். பெயர், வயது, படிப்பு என்று தொடங்காமல், என்ன செய்யத் தெரியும் என்று தொடங்க வேண்டும். எத்தனை ஆண்டுகளாக, எந்த வகைத் துணி, எந்தக் கருவி, பழுதானால் தாமே சரிசெய்வாரா, பிறர்க்குக் கற்றுக் கொடுத்ததுண்டா என்று வரிசையாகக் கேட்கலாம். இப்போது உண்மையில் கிடைக்கும் கூலி எவ்வளவு, எவ்வளவு தொலைவு சென்று வர இயலும், எந்த வேலைக்கு எந்த ஊதியமாயினும் செல்லமாட்டார் என்பனவற்றையும் கேட்டு எழுத வேண்டும். வீட்டிலுள்ள பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கணவரோ மாமனாரோ பதில் சொன்னால் அதை ஏற்கலாகாது. எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்பே ஏட்டில் சேர்க்க வேண்டும். தொழிற்சாலைகளுக்குச் செல்லும் படியில் பெயரும் முகவரியும் இராமல் திறன் மட்டும் இருந்தால் போதும்.

கேள்விகளுள் கடைசியாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: இந்தத் தொழிலை உங்கள் பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பீர்களா? பெரும்பாலோர் உடனே விடை சொல்லமாட்டார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் தறியைப் பார்ப்பார்கள். மாணவர்கள் அவசரப்படாமல் காத்திருந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதி வர வேண்டும்.